ஜான் சார்ன்லி

நடத்தல் என்பது எளிய செயல் என்று நாம் எண்ணுகிறோம். தவழும் குழந்தை ஒருநாள் சுவரைப் பற்றி எழுந்து நின்று, தளர்நடை பயின்று, பின்னர் ஓடத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் நடையைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. கால் நோகும்பொழுதுதான் நடை என்பதன் அருமை தெரிகிறது. குறங்கு எனப் பழைய நூல்கள் கூறும் தொடையின் எலும்பு, மேல்முனையில் ஒரு பந்துபோல் உருண்டிருக்கிறது. அப்பந்து இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் பொருந்தி, ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வதுபோல் எல்லாத் திசையிலும் சுழல்கிறது. பந்தின்மேலும் குழியின் உள்ளேயும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அப்போர்வை தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உரசும். அந்நோய் உற்றவர் நடக்கவும் இயலார். இரவில் படுத்து உறங்கவும் இயலார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்தகையோர் கைக்கோலையும் நாற்காலியையும் துணையாகக் கொண்டு எஞ்சிய வாழ்நாளைக் கழித்தனர். மூட்டை அசையாதவாறு எலும்போடு எலும்பாகப் பிணைத்துவிடுவதே அந்நாளைய மருத்துவர் பெரிதும் கைக்கொண்ட வழியாகும். நோவு நீங்கும், ஆனால் மடங்காத காலோடு வாழவேண்டும். இந்நிலையை மாற்றியவர் பலர். அவருள் தலையாயவர் இங்கிலாந்து நாட்டு அறுவை மருத்துவராகிய சர் ஜான் சார்ன்லி ஆவார்.

இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. பருத்தி நூற்பும் நெசவும் அந்நாளில் அதன் உயிர்த்தொழில்கள். அம்மாவட்டத்துப் பெரி என்னும் ஊரில் 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் சார்ன்லி பிறந்தார். தந்தையார் மருந்துக் கடை நடத்தியவர். தாயார் செவிலியர் பயிற்சி பெற்றவர். ஆதலின் நோயும் மருந்தும் அவ்வீட்டில் அன்றாடப் பேச்சாயின. உள்ளூர்ப் பள்ளியில் கல்வி கற்ற சார்ன்லி, மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1935இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே அறுவை மருத்துவருக்குரிய உயர்தேர்விலும் வென்றார். அப்பொழுது அவருக்கு அகவை 25.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் 1940இல் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். டன்கர்க் கடற்கரையிலிருந்து படைவீரரை மீட்ட அரும்பணியில் அவருக்கும் பங்குண்டு. பின்னர் எகிப்து நாட்டுக் கெய்ரோ நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே முறிந்த எலும்பைத் தாங்கும் சட்டங்களும் கருவிகளும் போதிய அளவில் கிடைக்கவில்லை. சார்ன்லி படைப்பொறியாளரோடு பட்டறையில் நின்று அவற்றைச் செய்விக்கலானார். கத்தி பிடிக்கும் கை அரத்தையும் சுத்தியலையும் பிடிக்கக் கற்றது அங்கேதான். மருத்துவரும் கொல்லரும் ஒருவருக்குள்ளேயே வாழ்ந்தமைதான் அவர் பிற்காலத்தில் அடைந்த வெற்றிக்கெல்லாம் அடிப்படை என்று நான் கருதுகிறேன். அவர் வாழ்க்கையைப் படிப்போர் இதனை மறவாது நெஞ்சில் கொள்ளுதல் வேண்டும்.

போர் முடிந்தபின் மான்செஸ்டர் அரச மருத்துவமனையில் எலும்பு மருத்துவராக அமர்ந்தார். எலும்பு எவ்வாறு கூடுகிறது என்பதை ஆராயப் புகுந்த அவர், தம் காலெலும்பிலேயே ஆய்வு செய்துகொண்டு அதில் நச்சுப்புண் கண்டு வருந்தியதும் உண்டு. முறிந்த எலும்புகளைக் கத்தி வையாமல் கட்டிச் சேர்க்கும் முறை பற்றி அவர் எழுதிய நூல் 1950இல் வெளிவந்தது. அந்நூல் ஒன்றே அவரை உலகறியச் செய்யப் போதுமானதாக இருந்தது. ஆயினும் அவர் உள்ளம் வேறொன்றைத் தேடியது.

அத்தேடலுக்கு வித்திட்டது ஒரு நோயாளியின் முறையீடு. பாரிசு நகரத்து ஜூடே உடன்பிறப்பாளர் 1946 முதல் தேய்ந்த தொடையெலும்புத் தலையை அகற்றிவிட்டு, அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளாலாகிய தலையைப் பொருத்திவந்தனர். அத்தகைய தலை பொருத்தப்பெற்ற ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அவர் முன்பக்கம் குனியும்பொழுதெல்லாம் இடுப்பிலிருந்து, எண்ணெய் காணாத கதவுக் கீல்போலக் கிறீச்சென்று ஓசை எழுந்தது. உணவு மேசையில் அவ்வோசையைப் பொறுக்கமாட்டாமல் அவர் மனைவியார் எழுந்து போய்விடுவாராம். கேட்டவர் நகைத்து விட்டிருக்கலாம். சார்ன்லி நகைக்கவில்லை. ஓசை எழுகிறதென்றால் உராய்வு மிகுதி என்பது பொருள். உராய்வு மிகுந்தால் தலை குழிக்குள் வழுக்கிச் சுழலாமல் இறுகப் பற்றிக்கொள்ளும். அந்நிலையில் ஒவ்வோர் அடியும் தலையைத் தாங்கும் தண்டை எலும்பிலிருந்து அசைத்து அசைத்துப் பெயர்க்கும். ஆகவே குற்றம் அறுவையில் இல்லை, பொருளில் உள்ளது என்று அவர் துணிந்தார்.

அடுத்து, விலங்குகளின் மூட்டுகளை எடுத்து உராய்வை அளந்தார். பனிக்கட்டிமேல் பனிக்கட்டி வழுக்குவதினும் எளிதாகக் குருத்தெலும்பு வழுக்கக் கண்டு வியந்தார். அவ்வளவு வழுக்கும் செயற்கைப் பொருள் எது? அந்நாளில் டெப்லான் என்னும் நெகிழி வழக்கில் வந்திருந்தது. வெள்ளை நிறமும் மெழுகுபோன்ற வழவழப்பும் உடையது. உடலின் நீர்மங்கள் அதனை அரிப்பதில்லை. அதனையே குழிக்கு உரிய கிண்ணமாகக் கொண்டார். தொடையெலும்புக்கு எஃகாலாகிய தண்டும் தலையும் அமைத்தார். தண்டையும் கிண்ணத்தையும் எலும்பில் நிலைநிறுத்த, பல் மருத்துவர் கையாண்டுவந்த அக்ரிலிக் குழம்பைப் பயன்கொண்டார். இதனை அவருக்கு அறிமுகம் செய்தவர் மான்செஸ்டர்ப் பல் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த டென்னிஸ் சுமித் என்பார். இக்குழம்பு பசையன்று. சுவரில் ஆணிக்குழியை நிரப்பும் சுண்ணச்சாந்துபோல் இடைவெளியை அடைத்து, சுமையைப் பரவலாகத் தாங்கச் செய்வது.

இனித் தலையின் அளவைப் பற்றிச் சொல்லவேண்டும். சார்ன்லியின் வாழ்க்கையில் பெரிய வழக்கு இதுவே. இயற்கையான தொடைத்தலையின் குறுக்களவு ஏறத்தாழ 45 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். செயற்கைத் தலையும் அவ்வளவே இருத்தல்வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பர். சார்ன்லி அவ்வாறு நினைக்கவில்லை. விரைந்து சுழலும் மிதிவண்டிச் சக்கரத்தை நடுவிலுள்ள குடத்தருகே விரலால் அழுத்திப் பாருங்கள்; எளிதில் நிற்காது. அதே விரலை விளிம்பில் அழுத்துங்கள், சக்கரம் நின்றுவிடும். உராயும் இடம் நடுவினின்று விலக விலக, அவ்வுராய்வின் முறுக்குவலிமை பெருகுகிறது. பெரிய தலை சுழன்றால், அதன் உராய்வு கிண்ணத்தையும் உடன் திருகி எலும்பினின்று தளர்த்திவிடும். சிறிய தலையாயின் திருகும் ஆற்றல் குறைவு. மேலும், தலை சிறுத்தால் கிண்ணத்தின் சுவரைத் தடிப்பாக அமைக்கலாம். நெடுநாள் தேய்ந்தாலும் தாங்கும். இவ்வாறு எண்ணித் தலையைப் படிப்படியாகச் சிறிதாக்கிக்கொண்டே வந்த அவர், இறுதியில் 22.225 மில்லிமீட்டர் அளவில் நிறுத்தினார். ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு அது. கிட்டத்தட்ட ஒரு கோலிக்குண்டின் அளவே உள்ள அப்பந்து ஒரு மனிதனின் முழுச் சுமையையும் தாங்கவேண்டும்!

இதற்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. சிறிய பந்து குழியைவிட்டு நழுவிவிடும் என்று பலர் கூறினர். அக்கூற்றில் உண்மை உண்டு. பந்து கிண்ணத்தினின்று வெளியேறவேண்டுமாயின், அது தன் குறுக்களவில் பாதியளவாவது நகர்ந்து விளிம்பைத் தாண்டவேண்டும். 22 மில்லிமீட்டர்த் தலைக்கு அத்தொலைவு 11 மில்லிமீட்டர்தான். 36 மில்லிமீட்டர்த் தலைக்கோ 18 மில்லிமீட்டர் ஆகிறது. வேறோர் இடரும் உண்டு. தலை சிறியதாயின், காலை மடக்கித் திருப்பும்பொழுது தலைக்குக் கீழுள்ள கழுத்து விரைவில் கிண்ண விளிம்பில் முட்டும். முட்டியபின் அவ்விளிம்பு, கல்லைப் பெயர்க்கும் கடப்பாரைக்கு முட்டுக்கொடுத்தாற்போல் நின்று, பந்தை வெளியே நெம்பிவிடும். இதனையே மூட்டு நழுவுதல் என்பர். நழுவிய கால் குட்டையாகித் திரும்பிக்கிடக்கும். நோவு பொறுக்க இயலாது. மருத்துவர் மயக்கமருந்து கொடுத்து மீண்டும் குழியில் ஏற்றவேண்டும். தாழ்ந்த இருக்கையில் அமராதீர், கால்மேல் கால் போடாதீர் என்று இவ்வறுவை செய்துகொண்டோரை மருத்துவர் எச்சரித்து வந்ததன் காரணமும் இதுவே.

சார்ன்லி இவ்விடரை அறியாதவர் அல்லர். அவர் கண்ட மாற்று, தசையின் வலிமையாகும். தொடையெலும்பின் மேற்புறத்தே புடைத்து நிற்கும் எலும்பு முகட்டில், காலைப் பக்கவாட்டில் விரிக்கும் தசைகள் பற்றியுள்ளன. அறுவையின்போது அம்முகட்டை அறுத்தெடுத்துத் தசையோடு ஒதுக்கிவைத்துவிட்டு, மூட்டைப் பொருத்தியபின் முன்னிருந்த இடத்தினும் சற்றுக் கீழாகவும் வெளிப்புறமாகவும் எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். முரசின் வாரை இறுக்கினாற்போல் தசைகள் விறைத்துப் பந்தைக் குழிக்குள் அழுத்திப் பிடித்தன. அவர் கையால் அறுவை செய்யப்பெற்றோருள் மிகச் சிலருக்கே மூட்டு நழுவியது. பிற்காலத்தில் சிலர், இக்கடினமான பகுதியை விட்டுவிட்டுச் சிறிய பந்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். பின்புறமாக மூட்டைத் திறந்து பொருத்திய அவர்களிடத்தே நழுவுதல் மிகுந்தது. பாட்டின் பல்லவியை மட்டும் கற்றுக்கொண்டு பாகவதராக முயன்றோரின் கதைதான் அது.

நார்விச் நகரத்து மக்கீ என்னும் மருத்துவர் உலோகக் கிண்ணமும் உலோகப் பந்துமாகப் பெரிய தலையுடைய மூட்டைச் செய்தார். சுவிட்சர்லாந்து நாட்டு முல்லர் 32 மில்லிமீட்டர்த் தலையைக் கொண்டார். சார்ன்லி தம் அளவை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் அவரை வீழ்த்தியது நழுவுதல் அன்று; தேய்மானம். டெப்லான் கிண்ணம் பொருத்தப்பெற்றோர் முதலில் பேருவகை எய்தினர். கோலை எறிந்துவிட்டு நடந்தனர். ஏறத்தாழ 300 பேருக்கு அவ்வறுவை நடந்தது. சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. சிறிய எஃகுத்தலை மென்மையான டெப்லானைக் குடைந்துகொண்டே மேலேறிற்று. தேய்ந்த துகள்கள் மூட்டைச் சுற்றிலும் படிந்து, பாலாடைபோன்ற கழிபொருளாகத் திரண்டு, எலும்பையும் அரித்தன. நோவு மீண்டது. ஒருவர் பின் ஒருவராக அவர்கள் திரும்பி வந்தனர். தாம் வாழ்வளித்ததாக எண்ணிய மக்கள் தம் முன்னே மறுபடியும் நொண்டி வந்து நிற்கக் கண்டால் எவர் நெஞ்சுதான் கலங்காது? சார்ன்லி ஓடி ஒளியவில்லை. தம் முறை தோற்றதை மருத்துவ இதழில் தாமே எழுதினார். பொருத்தியவற்றை அகற்றும் அறுவைகளைப் பிறர் தலையில் சுமத்தாது தாமே முன்னின்று செய்தார். டெப்லான் துகளைத் தம் தொடையிலேயே ஊசிவழிச் செலுத்திக்கொண்டு, அது உடலில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். சில மாதங்களில் அவ்விடத்தே கட்டிகள் கையில் தட்டுப்பட்டன.

அப்போது அவர் பணியாற்றிவந்தது விகன் நகருக்கு அருகிலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில். முன்னாளில் காசநோயாளருக்கென அமைந்த இடம் அது. காசநோய்க்கு மருந்து கண்டபின் அங்குப் படுக்கைகள் காலியாயின. அவற்றைப் பெற்று, இடுப்பு மூட்டுக்கெனத் தனி நிலையம் ஒன்றை அவர் அமைத்திருந்தார். அங்கிருந்த சிறு ஆய்வுக்கூடத்தில் ஹாரி கிரேவன் என்னும் இளம் பொறிவினைஞர், பொருள்களின் தேய்மானத்தை அளக்கும் பொறி ஒன்றை இயக்கிவந்தார்.

1962ஆம் ஆண்டு மே மாதத்தில் விற்பனையாளர் ஒருவர் அங்கு வந்தார். லங்காஷயர்த் தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்படும் புதிய நெகிழி ஒன்றின் துண்டை அவர் கொண்டுவந்தார். அது ஜெர்மனியில் செய்த உயர் மூலக்கூற்று எடையுடைய பாலிஎத்திலீன். சார்ன்லி அதனைக் கையில் வாங்கி, நகத்தால் அழுத்திப் பார்த்து, பயனில்லை என ஒதுக்கிவிட்டார். கிரேவனோ அத்துண்டை எறியவில்லை. சார்ன்லி கோபன்ஹேகன் நகருக்குச் சென்றிருந்த நாள்களில் அதனைத் தம் பொறியில் மாட்டி ஓடவிட்டார். இரவும் பகலும் மூன்று வாரம் ஓடியது. டெப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது அம்மூன்று வாரத்தில் தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி ஆய்வுக்கூடத்தில் அதனைக் கண்டார், அளவுகளைப் பார்த்தார், தாம் ஒதுக்கிய பொருளே தாம் தேடிய பொருள் என்று ஒப்பினார். தலைவர் வேண்டாம் என்றதைப் பணியாளர் சோதித்துப் பார்த்ததும், பணியாளர் சோதித்ததைத் தலைவர் ஏற்றுக்கொண்டதும் ஒருசேர வாய்த்தமை அரிது. கிரேவன் பெயரைச் சொல்லாமல் சார்ன்லியின் கதையைச் சொல்வது முறையாகாது.

அவ்வாண்டு நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணம் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஆயினும் சூடுகண்ட பூனை அடுப்பங்கரை அணுகாதன்றோ? சார்ன்லி இம்முறை அவசரப்படவில்லை. புதிய பொருளின் துகளையும் தம் தொடையில் வைத்துப் பார்த்திருந்தார். டெப்லான் போல் அது கட்டி எழுப்பவில்லை. ஆண்டுதோறும் கதிர்ப்படம் எடுத்துத் தேய்மானத்தை அளந்தார். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்னும் அளவிலேயே கிண்ணம் தேய்ந்தது. பின்னர் இம்மூட்டுகளை வாங்க விரும்பிய மருத்துவர், ரைட்டிங்டனுக்கு வந்து அறுவை முறையைக் கற்றபின்பே வாங்கவேண்டும் என்று பல ஆண்டு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். இதனைச் செருக்கு என்றோரும் உளர்.

நச்சுக்கிருமிகளும் அவருக்குப் பெரும்பகையாயின. தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழு பேரளவில் புண் சீழ்பிடித்தது. அறுவைக்கூடத்தின் காற்றே கிருமிகளைச் சுமக்கிறது என்று அவர் ஐயுற்றார். ஆகவே கூடத்துக்குள்ளேயே கூண்டுபோன்ற சிற்றறை ஒன்றை அமைத்து, வடிகட்டிய தூய காற்றை மேலிருந்து கீழாகப் பாயச் செய்தார். அறுவை செய்வோர் விடும் மூச்சுக்காற்றும் புண்ணைத் தீண்டாதபடி, அதனைக் குழாய்வழி உறிஞ்சி வெளியேற்றும் முழுவுடை ஒன்றையும் இயற்றினார். சீழ்பிடித்தல் நூற்றுக்கு ஒன்றினும் குறைந்தது. இன்று உலகெங்கும் மூட்டு அறுவைக்கூடங்களில் காணும் தூய காற்றமைப்புக்கு மூலம் இதுவே.

இல்லறத்தில் அவர் காலந்தாழ்த்தே புகுந்தார். 1957இல் ஜில் ஹீவர் என்னும் பெண்மணியை மணந்து, ஒரு மகனையும் ஒரு மகளையும் பெற்றார். வீட்டிலும் அவருக்கென ஒரு பட்டறை இருந்தது. தொடக்ககாலக் கிண்ணங்களை அங்கே கடைசற் பொறியில் தாமே கடைந்தெடுத்ததும் உண்டு. அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு 1974இலும், அரச கழகத்தின் உறுப்பாண்மை 1975இலும், சர் பட்டம் 1977இலும் அவரை வந்தடைந்தன. 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், தம் 70ஆம் அகவையில், அவர் காலமானார்.

தலையின் அளவு பற்றிய வழக்கு அவரோடு முடியவில்லை. பிற்காலத்து மருத்துவர் பல்லாயிரம் அறுவைகளை ஒப்பிட்டு, சிறிய தலையே மிகுதியாக நழுவுகிறது என்று உறுதி செய்தனர். ஆயினும் பெரிய தலையை இடக் கிண்ணம் இடங்கொடுக்கவில்லை. பெரிய தலை ஓரடிக்கு நெடுந்தொலைவு உரசுமாதலின் தேய்துகள் மிகுந்தது. 1990களின் இறுதியில், கதிரியக்கத்தால் இழையோடு இழை பிணைத்த உறுதியான பாலிஎத்திலீன் வழக்குக்கு வந்தது. அதன்பின்பே 32, 36 மில்லிமீட்டர்த் தலைகள் பெருவழக்காயின. பெரிதே நன்று என்று கொண்டு, இயற்கைத் தலையளவுக்கு உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகளைப் பொருத்தியதும் உண்டு. உலோகத்துகள் சதையைக் கெடுக்கவே, அத்தகைய மூட்டு ஒன்று 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இதற்கெல்லாம் முன்னரே, 1970களில், பிரான்சு நாட்டுப் பூஸ்கே என்பார் இருதரப்பையும் இணைக்கும் வழி ஒன்றைக் கண்டிருந்தார். சிறிய உலோகப்பந்தைப் பெரிய பாலிஎத்திலீன் பந்துக்குள் அடக்கி, அப்பெரிய பந்தும் வெளிக்கிண்ணத்துள் சுழலுமாறு செய்தார். உள்ளே சார்ன்லியின் சிறிய பந்து. வெளியே அவர் எதிராளிகளின் பெரிய பந்து. எளிதில் நழுவும் நிலையிலுள்ள முதியோருக்கு இதனை இன்று பலர் பொருத்துகின்றனர்.

சார்ன்லி தம் நோயாளர் பலரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்திருந்தார். அவர்கள் இறந்தபின் அம்மூட்டை எடுத்து ஆராய இசைவு தரவேண்டும் என்பதே அது. பலரும் மகிழ்ந்து இசைந்தனர். பத்தும் பதினைந்தும் ஆண்டுகள் நடந்து முடிந்த கால்களிலிருந்து கிண்ணங்கள் ரைட்டிங்டனுக்குத் திரும்பி வந்தன. சார்ன்லியும் அவர் மாணாக்கரும் ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்து, எஃகுப் பந்து எவ்வளவு ஆழம் குடைந்திருக்கிறது என்று அளந்து எழுதி வைத்தனர்.